மரியபுஷ்பம் பார்த்த கண்மணிகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். புதூர்ப் பேருந்தில் வந்தவர்கள் அப்போதுதான் சீட்டு வாங்கிக்கொண்டு எங்கள் கண் மருத்துவமனையின் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் கைபேசியில் ஜெயராஜின் பெயர் தெரிந்தது. எங்களிடம் கண் பரிசோதிக்கும் மரியபுஷ்பத்தின் கணவர் அவர். விளாத்திகுளம் தடத்தில் மினி பஸ் ஓட்டுகிறார். வேலை நேரத்தில் என்னை அழைக்கிறவர் இல்லை. எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மேடம், புஷ்பம் போயிட்டா. காலைல நல்லாத்தான் பேசுனா. காப்பி ஆத்திக்கிட்டு வாரதுக்குள்ள..."

சீட்டு கொடுக்கும் பெண்ணிடம் சொல்ல வெளியே வந்தேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனாலும் முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி, "யாரு, கண்ணுல லைட் அடிக்கிற சிஸ்டரா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் தலையை மட்டும் அசைத்தாள். மூதாட்டி எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் எழுந்தார்கள். முன்பே வந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள் கண்ணீர் வழியப் பஞ்சைக் கன்னத்தில் பிடித்தபடி எழ, கூடம் முழுவதும் எழுந்து நின்றது. யாரும் யாரையும் எழச் சொல்லவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலரை மரியபுஷ்பம் மிக அருகில் இருந்து பார்த்திருப்பார். உங்கள் முகம் அவருக்கு மறந்திருக்கலாம். உங்கள் கண்மணியை மறந்திருக்க மாட்டார். கண்ணின் நடுவே கருப்பாகத் தெரியும் அந்தச் சின்ன வட்டம், வெளிச்சம் பட்டால் சுருங்கி இருட்டில் விரிகிற அந்த வாசல், அவருடைய வேலையில் ஒரு பகுதிதான். பார்வை அளப்பது, கண்ணாடிக்கு எண் பார்ப்பது, கண் அழுத்தம் எடுப்பது என்று மற்ற வேலைகளும் உண்டு. ஆனால் இருபத்து இரண்டு ஆண்டுகளில் தன் முன்னால் உட்கார்ந்த ஒருவரையும், கண்மணியில் ஒளி அடித்துப் பார்க்காமல் அவர் மருத்துவர் அறைக்கு அனுப்பியதில்லை.

அவருடைய அறை சின்னது, ஜன்னல் இல்லாதது. எதிர்ச்சுவரில் மாதா படம் போட்ட காலண்டர் ஒன்று, கழுகுமலை முருகன் காலண்டர் ஒன்று, மக்கா படம் ஒன்று. வந்தவர்கள் அதை மத நல்லிணக்கம் என்று மெச்சுவார்கள். விஷயம் அதுவல்ல. பக்கத்தில் உள்ள பொருளைப் பார்த்தால் கண்மணி தானாகவே சுருங்கிவிடும், அளவு தப்பிவிடும். அதனால் நோயாளி தூரத்தில் எதையாவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "டார்ச்சப் பாக்காதீங்க. யாருக்கு யாரு வேணுமோ அவியளப் பாருங்க," என்பார். தெலுங்கு பேசும் வீட்டுப் பெரியவர்கள் வந்தால், "தூரம் சூடு தாத்தா, தூரம் சூடு," என்று அவர்கள் மொழியிலேயே தூரத்தைப் பார்க்கச் சொல்லி அதட்டுவார். சொன்ன பிறகும் டார்ச்சையே பார்க்கிறவர்களிடம் அவருக்குக் கோபம் வரும். "உங்க சாமி என்ன, டார்ச்சுக்குள்ளயா இருக்காரு?" என்று கேட்டுக் கூடத்தையே சிரிக்க வைத்திருக்கிறார்.

நான் சென்னையில் பெரிய மருத்துவமனை ஒன்றில் பத்தாண்டு வேலை பார்த்துவிட்டுக் கோவில்பட்டிக்கு வந்தவள். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். படிப்பாலும் பதவியாலும் நான் மேலே இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் வந்தேன். அந்த நினைப்பு ஒரு மாதம் நீடித்தது.

மாரித்தாய் என்று ஒரு பெண் வந்தாள். விளாத்திகுளத்துக்குக் கிழக்கே ஏதோ கிராமம். வயது இருபத்து நாலு. கணவனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது விழுந்து, வலது புருவம் மைல்கல்லில் மோதியிருக்கிறது. காயத்துக்கு மூன்று தையல். அது ஆறிவிட்டது. ஆனால் வலது கண்ணில் பார்வை தெரியவில்லை என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உடன் வந்த மாமியார் வாசலில் வைத்தே என்னிடம் சொல்லிவிட்டார்: "எல்லாம் நடிப்பு டாக்டரம்மா. கண்ணுல ஒரு கீறல் உண்டா, ஒரு செவப்பு உண்டா? மொளகாப் பழம் பறிக்கிற நேரம் பாத்து இவளுக்குக் கண்ணு தெரியாமப் போச்சாம். ஆத்தா வீட்டுக்குப் போகணும், அதுக்குத்தான்."

நான் கருவியில் வைத்துப் பார்த்தேன். விழியின் முன்பகுதி பளிங்கு மாதிரி இருந்தது. விழித்திரை சுத்தம். ஒவ்வொரு கண்ணாக ஒளி அடித்தேன்; இரண்டு கண்மணியும் சுருங்கின. எழுத்துப் பலகையை வலது கண்ணால் படிக்கச் சொன்னால், "ஒண்ணும் தெரியலக்கா," என்றாள். மாமியார் உச்சுக்கொட்டினார். எனக்கும் பொறுமை போனது. 'கண்ணில் குறை ஏதும் இல்லை' என்று எழுதப் பேனாவை எடுத்தேன்.

கதவருகே நின்றிருந்த மரியபுஷ்பம், "மேடம், லைட்ட அணைச்சிட்டு ஒருவாட்டி பாப்பமா?" என்றார். அவர் முன்பே பார்த்து எழுதி அனுப்பிய சீட்டை நான் படிக்கவே இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை.

அறை இருண்டது. மாரித்தாயைத் தூரத்துச் சுவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவர் இடது கண்ணில் ஒளி அடித்தார். மணி சுருங்கியது. மனதுக்குள் மூன்று வரை எண்ணுவது உதட்டில் தெரிந்தது. பிறகு மூக்குத்தண்டைத் தாண்டி ஒளியைச் சட்டென்று வலது கண்ணுக்கு மாற்றினார். அந்த மணி விரிந்தது. மறுபடி இடது, சுருங்கியது. மறுபடி வலது, அவ்வளவு வெளிச்சமும் நேரே விழும்போதே, இருட்டுக்குள் போவதுபோல் மெல்ல விரிந்தது.

நான் படித்த பாடம்தான். ஒரு கண்ணில் படும் ஒளிக்கு இரண்டு கண்மணியும் சேர்ந்தே சுருங்கும். தனித்தனியாக, இடைவெளி விட்டுப் பார்த்தால் நைந்துபோன நரம்பும் கொஞ்சம் வேலை செய்து நம்மை ஏமாற்றிவிடும். நல்ல கண்ணிலிருந்து உடனே மாற்றினால்தான், இந்தக் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் சேதி எவ்வளவு மங்கல் என்று தெரியும். புருவத்தில் விழுந்த அடி உள்ளே பார்வை நரம்பை நசுக்கியிருந்தது. அதை யாரும் வெளியிலிருந்து பார்க்க முடியாது. நடித்துக் காட்டவும் முடியாது.

நான் அவமானத்தோடு பேனாவைக் கீழே வைத்தேன். மரியபுஷ்பம் அதற்குள் மாமியாரைக் கூப்பிட்டுவிட்டார். "ஆத்தா, இங்கன வாங்க. எம்பக்கத்துல குனிஞ்சு பாருங்க. இந்தக் கண்ணு சுருங்குதா? இப்ப அந்தக் கண்ணப் பாருங்க. என்ன செய்யுது?"

"விரியுது," என்றார் மாமியார்.

"இன்னொருவாட்டி காட்டுதேன். நீங்களே சொல்லுங்க."

"விரியுது தாயி."

"மனுசரு நடிக்கலாம் ஆத்தா. மணிக்கு நடிக்கத் தெரியாது."

மாமியார் அந்த இருட்டிலேயே மருமகளின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "நாந்தான் குருடி, நாந்தான் குருடி," என்று அழுதார். மாரித்தாய் என்னைப் பார்த்து, "நான் நடிக்கலன்னு அதுல எழுதுவியளாக்கா?" என்று கேட்டாள். எழுதினேன். பார்வை திரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிகிச்சைக்குக் காலம் கடந்திருந்தது. விரல் அசைவு தெரிகிற அளவுக்குத்தான் பிறகு தேறியது. ஆனால் அன்று அந்தப் பெண் நடந்து வெளியே போன விதம் வேறாக இருந்தது. நானும் அன்றைக்குப் பிறகு மரியபுஷ்பத்தின் சீட்டைப் படிக்காமல் ஒரு நோயாளியையும் தொட்டதில்லை.

இன்னொரு நாள், எட்டயபுரம் பக்கத்திலிருந்து வாடகை வேனில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கல்லூரி விடுமுறையில் காட்டுக்குக் களையெடுக்கப் போனவள். ஒரு கண்ணின் மணி காசு அகலத்துக்கு விரிந்து, ஒளிக்கு அசையாமல் நின்றது. மூளையில் ஏதோ என்று யாரோ சொல்லிவிட்டதால் குடும்பமே தலையில் அடித்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போகும் வழியில் எங்களிடம் நிறுத்தியிருந்தது. மரியபுஷ்பம் ஒளி அடித்துப் பார்த்தார். கண்ணை எல்லாப் பக்கமும் அசைக்கச் சொன்னார். தலைவலி உண்டா என்று கேட்டார். இல்லை. பிறகு செய்ததை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அந்தப் பெண்ணின் கைகளைப் பிடித்து மோந்து பார்த்தார்.

"ஏட்டி, ஊமத்தஞ்செடி புடுங்கினியா?"

"ஆமா சிஸ்டர். பருத்திக்குள்ள நெறையக் கெடந்துச்சு."

"அந்தக் கையோட கண்ணத் தொடச்சியா?"

"வேர்வை வந்துச்சு..."

ஊமத்தைச் சாறு கண்ணில் பட்டால் மணி விரிந்து நின்றுவிடும். மணியைச் சுருக்கும் சொட்டு மருந்தை விட்டுப் பார்த்து நான் உறுதி செய்தேன், அசையவில்லை. நரம்புக் கோளாறாக இருந்தால் அந்த மருந்துக்குச் சுருங்கியிருக்கும். வேன் வந்த வழியே திரும்பிப் போனது. நாலாம் நாள் மணி பழையபடி ஆகிவிட்டதென்று அவள் அப்பா போனில் சொன்னார்.

ஆனால் மரியபுஷ்பம் எல்லோரையும் சிரித்தமுகமாகத் திருப்பி அனுப்புகிறவர் இல்லை. கடலைமிட்டாய்ப் பட்டறை வைத்திருக்கும் சுடலைமுத்து அண்ணாச்சி ஒரு மத்தியானம் படிக்கும் கண்ணாடி வாங்க வந்தார். ரெண்டு நாளாகத் தலைவலி, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு. பத்து நிமிடத்தில் மரியபுஷ்பம் என் அறைக்குள் வந்தார். அவர் ஒருநாளும் சீட்டு இல்லாமல் வந்ததில்லை. அன்று கையில் ஒன்றும் இல்லை.

"மேடம், கையில உள்ளத அப்படியே வச்சிட்டு வாங்க."

போய்ப் பார்த்தேன். வலது மணி இடதைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிது, அவ்வளவுதான். ஒளிக்குச் சோம்பலாகச் சுருங்கியது. மேல் இமை, உற்றுப் பார்த்தால்தான் தெரியும், சற்றே இறங்கியிருந்தது. மூளையின் ரத்தக்குழாய் ஒன்று பலூன்போல் புடைத்து, கண்ணுக்கு வரும் நரம்பை அழுத்த ஆரம்பித்திருக்கலாம். அது எந்த நிமிடமும் வெடிக்கலாம்.

அண்ணாச்சி எழுந்து சட்டையைச் சரிசெய்தார். "பாகு அடுப்புல நிக்கி. நான் நாளைக்கு வாரேன்."

"பாகு போனா வேற பாகு காச்சிக்கிடலாம் அண்ணாச்சி. வண்டியில ஏறுங்க."

"இந்தா பாரு சிஸ்டர், கண்ணாடி வாங்க வந்தவன வண்டியில ஏறுன்னா..."

"நானும் கூட வாரேன். ஏறுங்க."

உண்மையிலேயே கூடப் போனார். திருநெல்வேலி போகும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருதரம் அவர் கண்ணில் ஒளி அடித்துப் பார்த்து, அளவை எனக்குப் போனில் சொல்லிக்கொண்டே போனார். அளவு கூடிக்கொண்டே இருந்தது. அன்று சாயங்காலமே அறுவை சிகிச்சை நடந்தது. புடைப்பு வெடிக்கும் முன் அடைத்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து அண்ணாச்சி மொட்டைத் தலையில் தழும்போடு, இரண்டு கை நிறையக் கடலைமிட்டாய்ப் பொட்டலங்களோடு வந்தார். மரியபுஷ்பம் பொட்டலத்தை வாங்கவில்லை. "மொதல்ல உக்காருங்க. தூரத்தப் பாருங்க," என்றார்.

அவருடைய கைத்திறனைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாண்டுக்கு முன் எங்கள் மருத்துவமனைக்குக் கண்மணி அளக்கும் கருவி வந்தது. எவ்வளவு ஒளி, எவ்வளவு நேரத்தில் சுருங்கியது, எவ்வளவு வேகத்தில் விரிந்தது என்று கோடு போட்டுக் காட்டும். அவர் வருத்தப்படுவார் என்று நான் பயந்தேன். அவரோ புது வீட்டுக்குக் குடிபோனவர் மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இத்தன வருசமா நான் வேகமா, மெதுவான்னு வாயாலதான சொன்னேன். இது செகண்ட நூறாப் பிரிச்சுச் சொல்லுதே மேடம்!" முதல் வாரம் எங்கள் காவலாளி முதல் காண்டீன்காரர் வரை எல்லார் கண்ணையும் அளந்துவிட்டார்.

தன் கண்ணையும் அளந்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

போன வருடம் ஒரு நாள் மதியம், நோயாளிகள் எல்லாம் போன பிறகு, அவர் என் அறைக்கு வந்து நோயாளி உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். இடது தோளில் வலி என்று சில மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து தினமும் பேருந்தில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறவர். அதனால்தான் என்று நானும் நினைத்திருந்தேன்.

"மேடம், லைட்ட அணைச்சிட்டு என்னயப் பாருங்க."

"என்ன புஷ்பம்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க அதத்தான் பாப்பீங்க. பாத்துட்டு நீங்க சொல்லுங்க."

முதலில் வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டும் சுருங்கின. விளக்கை அணைத்து ஒளியை மாற்றி மாற்றி அடித்தேன். குறை இல்லை. நிம்மதியோடு விளக்கைப் போடக் கையைக் கொண்டுபோனேன்.

"இருங்க மேடம்," என்றார். "போடாதீங்க. இருட்டுல கொஞ்ச நேரம் இருங்க."

இருந்தேன். ஐந்து நொடி, பத்து நொடி. கீழேயிருந்து மங்கலான ஒளியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது மணி இருட்டுக்கு விரிந்துவிட்டது. இடது மணி உடனே விரியவில்லை. விரிய மனமில்லாததுபோல் மெல்ல மெல்லப் பின்தங்கி வந்தது. இடது இமை ஒரு நூல் அளவு தாழ்ந்திருந்தது. மணியை விரிக்கும் நரம்பு கண்ணுக்கு நேரே வருவதில்லை. கழுத்து வழியாக இறங்கி, நுரையீரலின் உச்சியை ஒட்டிப் போய்த் திரும்பி ஏறி வருகிறது. இடது தோளில் வலி. இடது மணியில் தாமதம்.

அவர் தன் வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். கருவியில் வைத்துத் தானே அளந்த எண்கள். அதற்குக் கீழே, மற்றவர்களுக்கு எழுதுகிற அதே கையெழுத்தில், 'மார்பு எக்ஸ்ரே தேவை' என்று இருந்தது.

"எழுதியத நானே நம்பல. அதான் உங்ககிட்ட வந்தேன்," என்றார். பிறகு கொஞ்சம் சிரித்தார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு மேடம். அது சேதி சொல்ல வந்துருக்கு."

சேதி சரியாக இருந்தது. நுரையீரலின் உச்சியில் கட்டி. பீடிப் புகை, தீப்பெட்டி மருந்து எதையும் அறியாத பெண் அவர். ஏன் வந்தது என்ற கேள்விக்கு யாரிடமும் விடை இல்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவம் பார்க்கிறேன். ஒரு மனிதர் தன் முடிவை இவ்வளவு தெளிவாகத் தானே அளந்து, பிழை இருக்குமோ என்று இன்னொருவரிடம் சரிபார்க்க வந்து உட்கார்ந்ததை நான் கண்டதில்லை. அன்று நான் உணர்ந்தது துக்கம் மட்டுமல்ல. ஒரு பெரிய மலையின் அடிவாரத்தில் நிற்கிறவளுக்கு வரும் நடுக்கம் அது.

அவரைப் பயமே அறியாதவர் ஆக்கிவிடக் கூடாது. மூன்றாவது புற்றுநோய் ஊசி முடிந்து ஒருநாள் பார்க்கப் போயிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குச் சாவ இஷ்டமில்ல மேடம். யாருகிட்டயும் சொல்ல முடியல. எங்க வீட்டுக்காரவுகளுக்கு என் அழுகையத் தாங்க முடியாது," என்று தேம்பினார். மறு வாரம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார். எட்டு மாதம், முடிந்த நாளெல்லாம் வந்தார். நடக்க முடியாத நாட்களில் ஜெயராஜ் தன் மினி பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டி வருவார். அந்த எட்டு மாதத்தில் அவர் பார்த்த கண்களில் மூன்று பேருக்குப் பார்வை நரம்பின் நோய் தொடக்கத்திலேயே தெரியவந்தது. அவர்கள் இன்று பார்வையோடு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அடக்கத்தன்று எப்போதும்வென்றானுக்கு வந்திருந்தார். கல்லறைக்குப் போகும் பாதையில், கரிசல் மண் காலணியில் அப்பிக்கொள்ள, கூட்டத்தோடு கடைசிவரை நடந்தார்.

கடைசியாக நான் போனது இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு. பேச்சு குறைந்திருந்தது. மருத்துவமனையில் யார் யார் வந்தார்கள் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "அன்னைக்கு வெளக்கப் போடக் கைய நீட்டினீங்கல்லா," என்றார். "நாம எல்லாரும் அப்படித்தான் மேடம். வெளிச்சத்துல தெரியிறத டக்குன்னு பாத்திருதோம். இருட்டுல இருக்கத்தான் நமக்குப் பொறுமை இல்ல."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: அந்தப் பொறுமை. அவருடைய கையோ கண்ணோ எனக்கு வராது. அதற்கு ஆசைப்படவும் எனக்குத் தகுதி இல்லை. ஆனால் விளக்கை அணைத்த பிறகு ஒன்றும் செய்யாமல் நோயாளியோடு உட்கார்ந்திருக்க இப்போது என்னால் முடிகிறது. அந்த நேரத்தில் கண்மணிகள் தங்கள் வேலையைச் செய்கின்றன. சில சமயம் மனிதர்களும் பேசுகிறார்கள். நேற்று புதூரிலிருந்து வந்த ஒரு பெண், வெளிச்சத்தில் கேட்டதற்கெல்லாம் "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றே சொன்னவர், விளக்கை அணைத்துச் சற்று நேரம் ஆனதும், "டாக்டரம்மா, எனக்குப் பயமா இருக்கு," என்றார்.

நான் விளக்கைப் போடவில்லை. "சொல்லுங்க," என்றேன்.